நோரீன் மறந்த மிதவைகள்

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு, நோரீன் கங்காஸ் கப்பல்களுக்கு வழிகாட்டும் நாற்பத்தோராம் எண் மிதவையை மறந்தாள்; அந்த நிமிடத்திலிருந்து செயின்ட் மேரீஸ் ஆற்றில் அந்த மிதவை இல்லை. அறுந்து மிதந்து போயிருக்கும் என்று கடலோரக் காவல்படையினர் படகெடுத்து வந்து பார்த்தார்கள். சங்கிலி இல்லை, அடியில் கட்டியிருக்கும் கான்கிரீட் கட்டை இல்லை, கட்டை இருந்த சேற்றில் ஒரு பள்ளம்கூட இல்லை. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். படகைத் திருப்பிக்கொண்டு பார்த்தால் அதையும் காணோம். பதிவேட்டில் ‘காணவில்லை’ என்று எழுதி, நேரத்தைக் குறித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நோரீனுக்கு, நாற்பத்தொன்று, பச்சை, நான்கு நொடிக்கு ஒருமுறை மின்னும் என்று நினைவு வந்தது. மிதவையும் வந்தது. அதன் தலையில் பழைய நீர்க்காகத்தின் எச்சம் காய்ந்தபடியே இருந்தது.

இது 1988இல் நடந்தது. நோரீனுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. இரும்புத்தாது ஏற்றிப் போகும் பெரிய கப்பல்களில் பதின்மூன்று ஆண்டுகளாகத் துணை அதிகாரி. மார்ச்சில் பனி உடைந்தால் போவாள், ஜனவரியில் ஏரி உறைந்தால் வருவாள். அந்த ஆண்டு மட்டும் விடுப்பெடுத்து வீட்டில் இருந்தாள். மகள் ஐலா பிறந்தது ஆகஸ்டில். அவளுடைய ஆறு பிறந்தநாள்களில் ஒன்றில்கூட மெழுகுவத்தி ஊதுவதை நோரீன் பார்த்ததில்லை. அம்மா எங்கே என்று பள்ளியில் கேட்டால், மற்ற பிள்ளைகள் கடையில் என்று சொல்கிற அதே குரலில், சுப்பீரியர் ஏரியில் என்பாள் ஐலா. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஆற்று பைலட் ஒருவர் ஓய்வு பெறுவதாக இருந்தது. வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறி, ஆற்றின் வாயிலிருந்து, மேலே கப்பல்களை ஏரி மட்டத்துக்கு உயர்த்திவிடும் மதகு வரை வழிகாட்டிவிட்டு இறங்கிவிடலாம். இராச்சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். நோரீனுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். கரைக்கோடு மட்டும் போட்ட வெள்ளைத்தாளைக் கொடுப்பார்கள். அறுபத்துச் சொச்சம் மைல் ஆற்றையும் நினைவிலிருந்து பென்சிலால் வரைய வேண்டும்: ஒவ்வொரு மிதவை, அதன் எண், நிறம், ஒவ்வொரு விளக்கு, பாறை, ஆழம், திரும்ப வேண்டிய கோணம். ஒன்று விட்டுப்போனாலும் மதிப்பெண் போய்விடும்.

இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். முதல் முறை, பாதி ஆற்றிலேயே நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை தோற்றதில் எங்கள் ஹேலி லேண்டிங் ஊருக்குத்தான் பெரும்பங்கு. எங்கள் ஊர் ஆற்று வளைவில் கப்பல் திருப்புகிறவர்கள் கரையில் நட்டிருக்கும் அரசாங்க விளக்கைப் பார்ப்பதில்லை; ஹார்வி நீமியின் கொல்லையில் நிற்கிற வெள்ளை ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் சக்கரத்தைத் திருப்புவார்கள். முப்பது ஆண்டுகளாக அப்படித்தான். ஹார்வியும் அதற்காகவே ஆண்டுதோறும் வெள்ளைப் பெயின்ட் அடித்துவைப்பான். நோரீன் தேர்வுத்தாளில் ஃபிரிட்ஜை அச்சுப் பிசகாமல் வரைந்துவிட்டு, விளக்கை மறந்துவிட்டாள். திருத்துபவர் ஃபிரிட்ஜைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி இட்டிருந்தார். தபாலில் வந்த அந்தத் தாளை, அவள் மனம் நோகுமே என்று அவள் கணவன் வெர்ன் நாலு நாள் ஒளித்துவைத்திருந்து, கடைசியில் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். இனி ஒரு முறைதான் எழுதலாம். ஜூலை மாதம். அதிலும் தோற்றால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும், நோரீன் மறுபடி ஏரிக்குப் போய்விடுவாள்.

மிதவைகள் காணாமல் போவதற்கும் நோரீனுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவள் கடைக்கார டெல்லா ப்ரூனோ. கப்பல்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பதற்காகக் கல்லாவின் பக்கத்தில் ரேடியோவைத் திறந்தே வைத்திருப்பாள். ஒருநாள் நோரீன் பால் வாங்க வந்து, “இன்னிக்கு அறுபத்திரெண்டு வரவே மாட்டேங்குது டெல்லா, மண்டையே காயுது” என்று சொல்லி வாய் மூடவில்லை, ரேடியோவில் ஒரு கேப்டன் அறுபத்திரண்டைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தார். டெல்லா அலமாரியில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து, “சிவப்பு, மணி கட்டினது” என்றாள். “ஆமா, மணி” என்றாள் நோரீன். ரேடியோவில் கேப்டன் கத்துவதை நிறுத்தினார். டெல்லா மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் எழுபத்திரண்டு வீட்டுக்கும் செய்தியைச் சேர்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நோரீன் படிக்கிறாளா இல்லையா என்பது ஊர்ப் பிரச்சினையாகிவிட்டது. பால் வாங்கப் போனால் டெல்லா பாலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “எழுபத்தஞ்சு என்ன நிறம்? சொல்லிட்டு வாங்கிக்க” என்பாள். லூத்தரன் கோயிலில் ஞாயிறு ஜெபத்தில் போதகர் நோயாளிகளின் பெயர்களுக்குப் பிறகு, அந்த வாரம் காணாமல் போன மிதவைகளின் எண்களையும் வாசித்தார். ஹார்வி சாலையோரம் ஒரு பலகை நட்டு, தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் மாற்றி எழுதினான். அந்தப் பக்கம் போகாமல் நோரீனால் தபால் எடுக்க முடியாது. எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் எவ்வளவு கேட்டார்களோ அவ்வளவு மறந்தாள். மே மாத முடிவில் ஒரே நாளில் ஒன்பது மிதவைகளும் ஒரு கலங்கரை விளக்கமும் போயின. அந்தக் கலங்கரை விளக்கத்தை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த சிகாகோக்காரத் தம்பதி, பெட்டிகளோடு வெறும் பாறையில் உட்கார்ந்திருந்ததைப் படகு போய் அழைத்துவந்தது.

நோரீன் சோம்பேறி இல்லை. படிப்பதற்கென்று ஒருவர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். நேர அட்டவணை போட்டாள். அதற்கு நான்கு வண்ணத்தில் பென்சில் வாங்கினாள். ஒரு மைல் படித்தால் ஒரு சாக்லேட் என்று வைத்துக்கொண்டாள். சாக்லேட் தீர்ந்தது, மைல் அப்படியே இருந்தது. தாளை விரித்து உட்கார்ந்தால், அடுப்பின் உட்புறம் எவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று திடீரென்று தோன்றும். அந்த வசந்தகாலத்தில் கங்காஸ் வீட்டு அடுப்பைப்போல் துலக்கமான அடுப்பு மாவட்டத்திலேயே கிடையாது. தோற்றுவிடுவோம் என்ற பயம் வந்தால் எழுந்து நடப்பாள், நடந்துவிட்டோமே என்ற குற்றவுணர்ச்சியில் உட்காருவாள், உட்கார்ந்தால் மறுபடி பயம் வரும். ஒருநாள் ஐலா மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ம்மா, நீ வீட்லதான இருக்க? ஆனா இல்லாத மாதிரியே இருக்கு” என்றாள். குழந்தை குறையாகச் சொல்லவில்லை. நோரீனுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

ஜூன் பதினான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு அவள் தாள்களைச் சுருட்டி, சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு அடுக்கியிருந்த இடத்தில் செருகினாள். எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்த வெர்னிடம் போய், “நான் எழுதப் போறதில்ல. என்னால முடியல” என்றாள். வெர்ன் கையைத் துடைத்துக்கொண்டு, “சரி, மீன் வறுக்கட்டுமா?” என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். பதினொன்றே காலுக்குள் ஆற்றின் வாயிலிருந்து மதகு வரைக்கும் ஒரு மிதவை இல்லை, ஒரு விளக்கு இல்லை. ராடாரில் கரை தெரிந்தது, தண்ணீருக்கடியில் இருக்கிற பாறை தெரியாது. பதினான்கு கப்பல்கள் நின்ற இடத்திலேயே நங்கூரம் போட்டன. வாத்துகள்கூட எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வட்டமடித்தன என்று ஹார்வி சொன்னான். ஹார்வி சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நோரீன் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். டெல்லா தட்டினாள், திறக்கவில்லை. போதகர் தட்டினார், அவருக்கும் திறக்கவில்லை. மறுநாள் காலை தட்டிய ஆளை அவளுக்குத் தெரியாது, அதனால் திறந்தாள். குட்டையான, தொப்பை போட்ட மனிதர். ஒரு கையில் ஆப்பிள் பூரணம் வைத்துச் சுட்ட அப்பம், மறு கையில் தொப்பி. எங்கள் வளைவுக்குக் கீழே நின்றிருந்த தாதுக்கப்பலின் கேப்டன், பெர்னார்ட் ஹெரஸ்கி. சின்னப் படகில் கரைக்கு வந்து, டெல்லாவிடம் வீடு கேட்டு வந்திருந்தார். தேர்வு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த அப்பத்தைத் தானே வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தார்.

“சனிக்கிழம எம் பொண்ணுக்குக் கல்யாணம்மா” என்றார். “என் மூணு புள்ளைங்க ஞானஸ்நானத்துக்கும் நான் தண்ணிலதான் கெடந்தேன். இதுக்கும் போகலேன்னா என் பொண்டாட்டி என்னய வீட்டுக்குள்ள விடமாட்டா. நியாயந்தான்.”

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, கேப்டன். மொத்த ஆறும் போச்சு.”

“மொத்த ஆறும் யாருக்கு வேணும்? நான் நிக்கறது உங்க வளைவுக்குக் கீழ. என் கப்பல் மூக்குக்கு முன்னாடி அரை மைல்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க, போதும்.”

நோரீன் அவரைப் பார்த்தாள். அவர் சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அடுத்து என்ன வரும் என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற ஆளை அவள் பல மாதங்களாகப் பார்க்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்டவர்கள். கையில் கிடைத்த ரொட்டி உறையைக் கிழித்து விரித்து, “வலப்பக்கம் பாறை, அதத் தாண்டினதும் ஒரு சிவப்பு” என்று வரைந்தாள். “அதுல திரும்பாதீங்க, எல்லாரும் அங்கதான் அவசரப்படுவாங்க. அடுத்த பச்சை வரைக்கும் போங்க.” கேப்டன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே மென்றார். “சிவப்பு வந்துருச்சு” என்றார். கொஞ்சம் கழித்து, “பச்சையும்.” உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மிச்ச அப்பத்தை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு மணி நேரத்தில் அடுத்த கேப்டன் வந்தார். அவருக்கு அடுத்த இரண்டு மைல் வேண்டியிருந்தது. அதன்பின் கிரீஸ் நாட்டு மாலுமி ஒருவர் வந்தார். மொழி தெரியாததால் தன் கப்பல் நிற்கும் இடத்தை மேசையில் உப்புக்குப்பியை வைத்துக் காட்டினார். மூன்று நாள் முற்றத்தில் வரிசை நின்றது. வெர்ன் மீன் வறுத்துக்கொண்டே இருந்தான். டெல்லா கடையில் சோடா தீர்ந்துபோனது. நோரீனுக்கு அடுப்பைத் துலக்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. ஒவ்வொருவரிடமும் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பாள். அந்த இடத்துக்கு முன்னால் இருப்பதை வரைவாள். அது ஆற்றில் வந்து நிற்கும். ஐலா பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொடுத்தாள். பதினான்காவது கப்பல் போனபோது ஆற்றில் எல்லாம் திரும்பி வந்திருந்தது. பதினான்கு காகிதங்களில் தான் வரைந்துகொடுத்தது முழு ஆற்றையும் என்பது, பாத்திரம் ஒழித்துப் போடும்போதுதான் நோரீனுக்கு உறைத்தது. நின்றபடியே சிரித்தாள். பிறகு போய், விறகுக்குள் செருகியிருந்த தாள்களை எடுத்துவந்தாள்.

தேர்வு ஜூலை இரண்டாம் வாரம், டொலிடோ நகரத்தில். முந்தின நாளே பஸ் ஏறிப் போனாள். காலை ஒன்பது மணிக்கு வெள்ளைத்தாளைக் கையில் கொடுத்ததும் எல்லாம் மறந்துபோனது. அதே ஒன்பது மணிக்கு எங்கள் ஊரில் ஆறு காலியானது. ஊரே, ரேடியோ கேட்கும்படி டெல்லாவின் கடையை ஒட்டிய கரையில்தான் இருந்தது. வெர்ன் ஐலாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். டொலிடோவில் நோரீன் பென்சிலைக் கையில் பிடித்தபடி, இந்த ஆற்றின் வாயில் இப்போது ஒரு கப்பல் நிற்கிறது, அதில் இருக்கிறவன் வீட்டுக்குப் போக வேண்டும், அவனுக்கு முன்னால் அரை மைலில் என்ன இருக்கிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். ஒன்பதே காலுக்கு ஆற்றின் வாயில் முதல் விளக்கு வந்துவிட்டதாக டெல்லாவின் ரேடியோ சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக, வரிசை தப்பாமல், கீழிருந்து மேலாக வந்தன. பதினோரு மணிக்கு எங்கள் வளைவைக் கடந்தன. அரசாங்க விளக்கு அதன் இடத்தில் வந்து நின்றபோது ஹார்வி தொப்பியைக் கழற்றினான். ஐலா எண்ணிக்கொண்டே இருந்தாள். தவறினால் கூட்டத்தில் யாராவது எடுத்துக்கொடுத்தார்கள். ஒன்றரை மணிக்கு மதகுக்குச் சற்றுக் கீழே இருக்கும் கடைசி மிதவையும் வந்துவிட்டது என்று ரேடியோ சொன்னதும், டெல்லா கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

நோரீன் தேர்வு அலுவலகத்துக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியில் வீட்டுக்குக் கூப்பிட்டாள். “முடிச்சிட்டேன் வெர்ன். ரிசல்ட்டு தெரிய மூணு வாரம் ஆகுமாம். எதாவது விட்டுருப்பனோன்னு...”

“ஒண்ணும் விடல” என்றான் வெர்ன். “நாங்க எண்ணிட்டோம்.”

அவள் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். பதின்மூன்று ஆண்டுகளாகத் தோளில் இருந்த சுமை இறங்கியது. போனுக்காகக் காத்திருந்தவர் கதவைத் தட்டும்வரை அங்கேயே இருந்தாள்.

ஆகஸ்டில் ஐலாவுக்கு ஏழு வயது ஆனபோது மெழுகுவத்திகளை ஏற்றியது நோரீன்தான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் அவள் ஆற்றில் பைலட்டாக இருந்தாள். தேர்வு எழுதிய எல்லாரையும்போல அவளும் படித்ததில் கொஞ்சத்தை மறந்தாள்; கப்பலில் ஏறி நின்றால் வந்துவிடும், வீட்டில் இருந்தால் போய்விடும். கடலோரக் காவல்படையினர் அதற்கென்று பதிவேட்டில் தனியாக ஒரு பத்தி ஒதுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் சோபாவில் கண்ணயர்ந்தால், ஆற்றில் ஏழெட்டு மிதவைகள் இருக்காது. கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். யாரும் அவளை எழுப்புவதில்லை.