அக்ரூட் இல்லாத கேக்

கேக் கடை மேஜையில் ஏழெட்டுத் தட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. நான் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தி, கேக்கை வாயால சாப்பிடணும். மூக்கால இல்ல," என்றாள் ஸ்தொயாங்கா. மாப்பிள்ளையின் அம்மா.

"எனக்கு வாய் அப்புறம். முதல்ல மூக்கு," என்றேன்.

என் மகள் பில்யானாவுக்கு அக்ரூட் ஆகாது. ஆகாது என்றால் ஏதோ தும்மல், அரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், உதடு வீங்கித் தொண்டை அடைத்துக்கொள்ளும். உடனே ஊசி போடாவிட்டால் ஆளே இருக்காது. டான்யூப் கரையில் பிறந்தவளுக்கு வந்த தலையெழுத்தைப் பாருங்கள்! எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அக்ரூட் மரம். ரொட்டியில் அக்ரூட், தயிரில் அக்ரூட், தேனில் அக்ரூட். விட்டால் காப்பியிலும் போடுவார்கள். அவள் அம்மா இருந்தவரை அம்மாவே பார்த்துக்கொண்டாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு நான்தான்.

எனக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. நாள் முழுக்க "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தியே என் குரல் இப்படி ஆகிவிட்டது. ஆனால் அந்தக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மகளைக் கட்டிக்கொடுக்கும்போது அந்த வசதி கிடையாது.

எங்கள் வழக்கத்தில் கல்யாணக் கேக்கைத் தேர்ந்தெடுப்பது பெண் வீடும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை. குமாதான். கல்யாணத்தை முன்னின்று நடத்தி வைக்கிற பெண்ணுக்கு அந்தப் பெயர். கேக் அவள் சீர். அவள் சொன்னால் சொன்னதுதான், எதிர்த்துப் பேசினால் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குக் குமா, எதிரே கரண்டியோடு உட்கார்ந்திருந்த ராத்கா அம்மாள், ஸ்தொயாங்காவின் பால்ய சிநேகிதி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"கராஷ் இல்லாம ஒரு கல்யாணமா, ராத்கா?" என்று ஸ்தொயாங்கா ஆரம்பித்தாள். "என் கல்யாணத்துல கராஷ். என் அம்மா கல்யாணத்துல கராஷ். என் ஒரே பையன் கல்யாணத்துல மட்டும் வெறும் பஞ்சு கேக்கையா வெட்டச் சொல்றீங்க?"

கராஷ் கேக் என்றால் முழுக்க அக்ரூட் மாவு. மேலே சாக்லேட்.

"அதுக்குப் பதிலா என் பொண்ணுக்கு ஒரு சவப்பெட்டி சொல்லிடுங்க. அதுக்கும் மேல சாக்லேட் ஊத்தலாம்," என்றேன்.

"அப்பா!" என்றாள் பில்யானா.

"என்ன சம்பந்தி பேச்சு இது? அவ சாப்பிட வேணாம். நாங்க சாப்பிடறோம். அவ்வளவுதானே?"

"மாப்பிள்ளை சாப்பிட்டா அவ சாப்பிட்ட மாதிரிதான். 'கசக்குது'ன்னு கத்துவாங்களே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

எங்கள் கல்யாணங்களில் யாராவது ஒயினைக் கையில் எடுத்துக்கொண்டு "கசக்குது!" என்று கத்துவார்கள். உடனே சபையே சேர்ந்துகொள்ளும். பெண்ணும் மாப்பிள்ளையும் முத்தம் கொடுத்து ஒயினை இனிப்பாக்கும்வரை விடமாட்டார்கள். அதுவும் ஒரு தடவையா? குடி ஏற ஏற நிமிஷத்துக்கு ஒரு தடவை கசக்கும். அக்ரூட் தின்ற வாயோடு முத்தம் கொடுத்தாலே என் மகளுக்கு ஆபத்து. டாக்டர் எங்களை உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

"எங்க காலத்துல இந்த அலர்ஜி எல்லாம் ஏது? இப்பத்தான் வெயில் பட்டா ஒண்ணு, காத்து பட்டா ஒண்ணு," என்றாள் ஸ்தொயாங்கா.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். தெதெலின் நல்ல உயரம், நல்ல வேலை, சிரித்த முகம். போன வருஷம் ஒரு விருந்தில் பில்யானா தெரியாமல் ஒரு ஸ்பூன் சாலட் சாப்பிட்டுச் சுருண்டு விழுந்தபோது, கையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். "மாமா, அவ முகம் நீலமாயிடுச்சு மாமா" என்று போனில் என்னிடம் கேவிக் கேவி அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் நான் இந்தச் சம்பந்தத்துக்கே தலையாட்டினேன். அவன் இப்போது மேஜை விரிப்பில் இல்லாத கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, நீங்க கண்ணால பார்த்தவரு. சொல்லுங்க."

"அம்மா... விடும்மா," என்றான். எதை விடச் சொன்னான் என்று அவன் அம்மாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

கடைசியில் ராத்கா அம்மாள்தான் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் பயந்த மாதிரி இல்லை அந்த அம்மாள். "ராஸ்பெரி கிரீம் கேக். அக்ரூட் வாசமே இருக்கக் கூடாது. முடிஞ்சுது," என்றாள். எனக்கு எழுந்துபோய் அவள் கையில் முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

ஸ்தொயாங்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "குமா சொன்னா சரிதான். எங்க ஆளுங்களுக்கு மட்டும் நான் வீட்ல ஒரு கராஷ் பண்ணிக் கொண்டாறேன். ஓரமா வெச்சுக்கறோம். அதுக்குமா பர்மிஷன் வேணும்?"

நான் கத்தினேன். கடைக்காரி உள்ளே போய்விட்டாள். பில்யானா என் கோட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

காரில் உட்கார்ந்ததும், "அவன் ஒரு அம்மா கோண்டுடி," என்றேன்.

"அப்பா, போதும்."

"வாயத் திறந்தானா பார்த்தியா? உன் உயிரப் பத்திப் பேச்சு நடக்குது, துணியச் சுரண்டறான்!"

"எங்கிட்ட சத்தியம் பண்ணிருக்கான்ப்பா. கல்யாணத்தன்னிக்கு அக்ரூட்டத் தொடவே மாட்டேன்னு."

"அவன் அம்மா முன்னாடி பண்ணானா?"

அவள் சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "நான் அவன நம்பணும்ப்பா. நம்பாம எப்படிக் கட்டிக்கறது?" என்றாள். அதற்கு என்ன சொல்வீர்கள்?

மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய நாள் ஸ்தொயாங்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். நான், இந்த வெலிக்கோ, போலீஸ்காரனிடமே பல்லிளிக்காதவன், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அக்ரூட் வறுக்கிற வாசம் வந்தது.

"உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன் சம்பந்தி. நாளைக்கு ஒரு நாள் மட்டும் வேணாம். மறுநாள் நீங்க நூறு கேக் பண்ணுங்க, நான் வந்து தின்னறேன்."

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்புகூட இல்லை, அதுதான் எனக்குப் பயம். "தாயில்லாப் பொண்ணுன்னு பொத்திப் பொத்தி வளர்த்துட்டீங்க. எங்க வீட்ல கொஞ்ச நாள் இருக்கட்டும். தெரியாம சூப்புல துளித் துளியாப் போட்டே சரி பண்ணிடறேன். உடம்பு பழகிக்கும்."

வீட்டுக்கு ஓடிவந்து மகளிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "சும்மா சொல்லிருப்பாங்கப்பா," என்றாள். அப்புறம், "தெதெலின் இருக்கான்ல," என்றாள். எல்லாம் அந்த ஒருத்தன் வாயில் வந்து நின்றது.

கல்யாணத்தன்று கோட்டுப் பையில் ஒரு ஊசி, கால்சட்டைப் பையில் ஒரு ஊசி. மண்டப வாசலில் ஸ்தொயாங்கா இருவருக்கும் தேனில் தோய்த்த ரொட்டி ஊட்டவேண்டும். அதற்கு முன்னால் நான் போய்த் தேன் கிண்ணத்தை மோந்து பார்த்தேன். "பொண்ணோட அப்பனுக்கு மூக்கு கொஞ்சம் நீளம்," என்று எவனோ சொன்னான். சொல்லிட்டுப் போடா!

வெள்ளைக் கேக் வந்தது. இருவரும் சேர்ந்து வெட்டினார்கள், ஊட்டிக்கொண்டார்கள். "கசக்குது!" என்று சபை கத்தியது. முத்தம் கொடுத்தார்கள். என் மகள் சிரித்தாள், மூச்சு விட்டாள். நானும் மூச்சு விட்டேன். அவ்வளவு அழகாக இருந்தாள் பாவி. அவள் அம்மா பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் கிளாரினெட்டும் மேளமும் ஆரம்பித்தன. கைகோத்து வளைய வளைய ஆடுகிற ஆட்டம். பெண்ணின் அப்பா ஆடாமல் இருக்க முடியுமா? இந்தப் பக்கம் ஒரு தடியன், அந்தப் பக்கம் ஒரு தடியன், நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சங்கிலி சுற்றிக்கொண்டு மண்டபத்தின் கோடிக்கு வந்தபோதுதான் பார்த்தேன். ஸ்தொயாங்காவின் மேஜையில் கராஷ். கறுப்பாக, பளபளவென்று. அவள் ஒரு துண்டை விண்டு மகன் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வாய்டா. அம்மா கையால. நாளைலேர்ந்து யாரு ஊட்டப்போறா?"

அவள் கண்ணில் தண்ணீர். மேஜையில் இருந்த அத்தைகளும் சித்திகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெதெலின் இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"டேய்!" என்று கத்தினேன். மேளத்தில் யாருக்குக் கேட்கும்? சங்கிலி என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கையை உதறுகிறேன், தடியன்கள் நான் குஷியாகிவிட்டேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். சுற்றி வருவதற்குள் தெதெலின் வாயைத் துடைத்துக்கொண்டு பெண் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். எந்தப் படுபாவியோ கிளாஸைத் தூக்கி, "கசக்குது!" என்றான்.

"கசக்குது! கசக்குது!"

"வேண்டாம்! வேண்டாம்!" என்று நான் அலறுகிறேன். முழுச் சபையும் கத்தும்போது என் கத்தலும் அதில் ஒன்றாகப் போய்விட்டது. ஒருத்தன் முதுகில் தட்டி, "அப்படிப் போடு!" என்கிறான். தடியன் காலை ஓங்கி மிதித்தேன். கை விட்டது. நாற்காலி, பாட்டில், யாரோ ஒரு பெண்மணியின் தொப்பி, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் மாப்பிள்ளையின் நெஞ்சில் கைவைத்து ஒரு தள்ளு.

மேளம் நின்றது.

"தின்னுட்டான்!" என்றேன். மூச்சு வாங்கியது. "கராஷ் தின்னுட்டான். நான் பார்த்தேன்."

"அப்பா, என்ன பண்றீங்க!" பில்யானாவின் முகம் அவமானத்தில் சிவந்திருந்தது. அவனிடம் திரும்பினாள். "சாப்டியா?"

"இல்ல," என்றான் தெதெலின்.

"இந்த ஆளுக்குப் பைத்தியம்!" என்றாள் ஸ்தொயாங்கா. "சம்பந்தம் பேசின நாள்லேர்ந்து அக்ரூட்டு, அக்ரூட்டுன்னு. என் பையன் தொடக்கூட இல்ல!"

சபையில் சலசலப்பு. யாரோ, "குடிச்சிருக்கார், பாவம்," என்றார்கள். நான் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு முட்டாள் மாதிரி நிற்கிறேன். என் பேச்சை ஒருத்தர் நம்பவில்லை. என் மகளாவது நம்பினாளா, அதுவும் தெரியவில்லை.

பில்யானா அவனுக்கு வெகு பக்கத்தில் போய் நின்றாள். குழந்தையிலிருந்தே அவளுக்கு அந்த வாசம் என்னைவிட நன்றாகத் தெரியும். மூச்சை இழுத்தாள். முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல இறங்கியது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு தெதெலின். சாப்டிருந்தா சொல்லிடு. ஒண்ணும் ஆகாது. வாயக் கழுவிட்டு வா, பேசிக்கலாம். நான் கோவிச்சுக்க மாட்டேன்." குரல் கெஞ்சியது. என் மகள் அப்படி யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

அவன் அம்மாவைப் பார்த்தான். குமாவைப் பார்த்தான். அத்தைகளைப் பார்த்தான். "சாப்பிடலன்னு சொல்றேன்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப குடு," என்றாள். முகத்தைத் தூக்கினாள். கண்ணை மூடவில்லை.

"பில்யானா, வேணாம்டி!" என்று நான் பாய்ந்தேன். ராத்கா அம்மாள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

அவன் நிற்பான் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவனைப் பிடிக்காத நானே நினைத்தேன். பாதியில் நின்று தலையைக் குனிவான், 'மன்னிச்சுடு' என்பான், கல்யாணம் எப்படியோ பிழைத்துக்கொள்ளும் என்று. இவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அல்லவா? நீலமாகிப்போன அந்த முகத்தைப் பார்த்தவன் அல்லவா? அவன் நிற்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, குனிந்து, வந்தான்.

கடைசி நொடியில் பில்யானா புறங்கையைக் குறுக்கே கொண்டுவந்தாள். அவன் உதடு அதில் பட்டது.

அவள் கையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல், எல்லாரும் பார்க்கும்படி தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் உதடு பட்ட இடம் சிவந்தது. அப்புறம் தடித்தது. அதைச் சுற்றிப் பொரிப் பொரியாகக் கிளம்பியது. ஸ்தொயாங்கா முதலில் பார்த்தாள், அப்புறம் பக்கத்தில் வந்து பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ஊசியோடு ஓடினேன். "வேணாம்ப்பா. கைதான்," என்றாள் பில்யானா.

தெதெலின் அழ ஆரம்பித்திருந்தான்.

"தெரிஞ்சுதானே வந்த?" என்று அவள் கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க, பில்யானா," என்றான் அவன்.

"ஆமா," என்றாள் என் மகள். "நானும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."