எட்டாவது நிறுத்தம்

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரிந்து கிடந்ததால், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் நின்றபடியே டீ குடித்தார்கள். பதினொரு நாள், ஏழு இடங்கள், ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். மனைவி சிவப்புப் பேனாவால் போட்டிருந்த ஏழு வட்டங்களும் போட்ட இடத்தில்தான் இருந்தன. எட்டாவதாக ஒன்று, பென்சிலில், நான்காம் நாள் பாதையை விட்டு விலகி மலைக்குள் எங்கோ ஒதுங்கியிருந்தது. வீட்டில் பென்சில் வைத்திருக்கும் ஆள் அவள் கணவர் ஒருவர்தான்.

"இது என்னங்க, புதுசா?"

"சும்மா. சின்ன மடம் ஒண்ணு. ரோடு நல்லா இருக்காம்."

"போக வர நூத்தியிருபது கிலோமீட்டர். சும்மாவா?"

"அங்க வாடகைக்கு எடுக்குற வண்டி நம்ம கையில இருக்கும்ல. நெனச்ச எடத்துல திருப்பலாம்னுதானே இவ்வளவு பாடுபடுறோம்."

ஒரு பதில் பிடிக்காவிட்டால் அவள் கேட்பதை நிறுத்திவிட்டுப் படிக்கத் தொடங்கிவிடுவாள். இருபத்திரண்டு வருடமாகப் பாடநூல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறவளுக்கு அது வேலையோடு ஒட்டிக்கொண்ட குணம். வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் போனாள். அதைப் பார்த்ததும் அவர் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

வெளிநாட்டுப் பயணம் என்று பேச்சு வந்ததே அவளுடைய வேலையால்தான். வரலாற்றுப் புத்தகத்தில் பாறையைக் குடைந்து கட்டிய மடாலயம் ஒன்றின் படம் உண்டு. ஒரு பதிப்பில் அதன் மணிக்கூண்டு வாசலுக்கு இடப்பக்கம், அடுத்த பதிப்பில் வலப்பக்கம். ஏதோ ஒன்றில் படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். எது சரி என்று அச்சகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. இவளுக்கு மட்டும் பதினைந்து வருடமாக அது பல்லில் சிக்கிய நார். இத்தனைக்கும் சாமி, பூதம் என்று அலைகிற ஆள் இல்லை. "கும்பிட இல்ல, நேர்ல ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான்," என்பாள். பாறை மடாலயத்தோடு சேர்த்து, நீல ஓடு பதித்த மசூதி, யாத்ரீகர்கள் முழங்காலிட்டே தேய்த்த படிகள் கொண்ட தேவாலயம், கூரையில்லாத சூரியன் கோயில் என்று அவள் எழுத்துப் பிழை பார்த்த ஊர்களெல்லாம் வரிசையாக வந்து வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டன.

சுற்றுலா பஸ்ஸில் போகலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். கையில் கொடி பிடித்த ஒருவன் பின்னால் ஓடி, இடத்துக்கு இருபது நிமிடம் பார்த்துவிட்டு வருவதில் அவளுக்கு விருப்பமில்லை. அவருக்கோ மானப் பிரச்சினை. "நாலாயிரம் பேருக்கு ஓட்டக் கத்துக் குடுத்தவன், இன்னொருத்தன் ஓட்டுற வண்டியில பின் சீட்டுல உக்காந்து போறதா?"

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பிரேக் சார் என்று பெயர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வலப்பக்கம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து உயிரைக் கையில் வைத்திருக்க, இவர் இடப்பக்கம் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்திய பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி ஊர்க்கதை பேசுவார். இருபத்தெட்டு வருடம். அவர்கள் போகவிருந்த நாட்டில் வண்டிகள் வலப்பக்கமாகப் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் என்று தெரிந்த அன்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "என் சீட்டுலயே ஸ்டியரிங்க வச்சிருக்கான் பாரு. எனக்குன்னே செஞ்ச நாடு," என்று பள்ளியில் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தார்.

மனைவிக்கு மட்டும் சொல்லாத விஷயம் வேறு. உரிமத்துக்குக் கண் சான்றிதழ் வேண்டும் என்பதால், மாணவர்களைக் கும்பலாகக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போவது அவர் வழக்கம். வருடத்துக்கு நூறு தடவையாவது அந்த அறையில் சுவரோரம் நின்று, அவர்கள் எழுத்துப் பலகையைப் படிப்பதைக் கேட்டிருக்கிறார். எட்டு வரியும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சென்ற வருடம் தன் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, வலக்கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினார். பலகை இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர்தான் இருந்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் எட்டு வரியையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல. வாய் பழகிப்போயிருந்தது, அது பாட்டுக்குச் சொன்னது. மருத்துவர் முதுகில் தட்டி, "உங்க கண்ணுக்கு என்ன சார் குறை!" என்றார். சர்வதேச உரிமமும் அந்தச் சான்றிதழை வைத்தே கிடைத்தது.

ஒரு மாதத்துக்கு முன்பு, மனசு கேட்காமல், யாருக்கும் தெரியாமல் வேறொரு பெரிய மருத்துவரிடம் போனார். அங்கே ஒப்பிக்க ஒன்றும் இல்லை. தாடையை ஒரு கருவியில் வைத்து, ஒளிப்புள்ளி தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இடக்கண்ணுக்கு வெகுநேரமாக ஒன்றுமே வரவில்லை. "மிஷின் ரிப்பேரா சிஸ்டர்?" என்று கேட்டார். "ஓடிட்டுத்தான் சார் இருக்கு," என்றாள் நர்ஸ். இடது போய்விட்டது, வலதும் ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். வண்டி ஓட்டக் கூடாது. போனது திரும்பாது. சொட்டு மருந்து இருப்பதைக் கொஞ்ச நாள் காக்கும். எத்தனை நாள் என்று கேட்டதற்கு மேசைமேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

சொன்னால் பயணம் போச்சு, வேலை போச்சு. அவள் பதினைந்து வருடம் பொறுத்திருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். பயணம் முடியும்வரைதானே, எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று அவர் தினமும் காலையில் தீர்மானிப்பதும், முன்னால் ஒரு ஸ்கூட்டர் திடீரென்று முளைத்ததும் அந்தத் தீர்மானம் தவிடுபொடி ஆவதுமாக நாட்கள் ஓடின.

ஞாயிறுதோறும் பயிற்சி மைதானம் காலியாக இருக்கும். எதிர்ப்பக்கமாக ஓட்டிப் பழகுவதற்காகப் பள்ளியின் காரை எடுத்துக்கொண்டு மூன்று வாரமாக அங்கே போகிறார்கள். பத்து மணி வகுப்புக்குள் வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். இன்றும் போனார்கள். அவள் மடியில் வழிகாட்டிப் புத்தகம், அதற்குள் விரலைச் செருகி வைத்திருந்தாள். அவர் வலப்பக்கம் ஸ்டியரிங்கில், அவள் இடப்பக்கம் அவருடைய வழக்கமான இருக்கையில்.

மைதானத்தின் நடுவே சிவப்புக் கூம்புகளை வட்டமாக அடுக்கி ஒரு ரவுண்டானா தயார் செய்திருந்தார். அந்த நாட்டில் அதை இடப்புறம் வளைந்து சுற்ற வேண்டும். முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவதில், "அங்கல்லாம் ரவுண்டானா பூராவும் பூவாம்," என்று அவர் சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார்.

"நிறுத்துங்க! ஐயோ, ஆளு!"

அவள் கால்தான் முதலில் பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்றது. சாய்ந்துகிடந்த கூம்பை நிமிர்த்தக் குனிந்திருந்த காவலாளி, பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில், கூம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். "என்ன சார், நீங்களே இப்படி!" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. கூம்பை அப்படியே கீழே வைத்துவிட்டுத் தன் அறையைப் பார்க்க நடந்தார்.

அவர் இன்ஜினை அணைத்ததும், அவள் விரல் செருகியிருந்த பக்கத்தைப் பிரித்தாள்.

"நீங்க பென்சில்ல வட்டம் போட்ட மடத்துல ஒரு ஊத்து இருக்காம்," என்றாள். "கண்ணு போனவங்க வந்து கழுவுவாங்களாம். புஸ்தகத்துல ஒன்றரை வரி போட்டிருக்கு."

அவர் சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து?"

"தெரிஞ்சு ஒரு மாசம். தெரியாம எத்தனை வருஷமோ."

"உங்களுக்கு இதுலெல்லாம் நம்பிக்கையே கெடையாதே."

"இப்பவும் இல்ல. போற வழிதானேன்னு..." சொல்லும்போதே நூற்றிருபது கிலோமீட்டர் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

எல்லாவற்றையும் கேட்டாள். பலகையை ஒப்பித்த கதையைச் சொன்னபோது, எப்போதும் போல அதை வேடிக்கையாகச் சொல்ல முயன்றார். அவள் சிரிக்கவில்லை. "தினம் கத்துக்குட்டிகள வச்சுக்கிட்டு ரோட்டுல போறீங்க. இன்னிக்கு நான் மிதிச்சேன். நாளைக்கு யாரு மிதிப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் அவர் ஒரு மாதமாகப் பதில் தேடுகிறார்.

"பஸ்ஸுலயே போவோங்க."

"நீ போ. நீ பாக்கணும். நான் வந்து என்ன செய்ய? குழாய்க்குள்ள கண்ண வச்ச மாதிரி இருக்கு எனக்கு. கோபுரத்த ஒவ்வொரு கல்லாத்தான் பாக்கணும். அதுக்குள்ள பஸ் கெளம்பிடும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்க ஸ்டியரிங் இடப்பக்கம். நீ எனக்கு வலது பக்கம் உக்காருவ. உன் மொகமாவது தெரியும்னு நெனச்சேன்," என்றார்.

இருபது வருடத்துக்கு முன்பு இதே மைதானத்தில் ஒருநாள் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். கிளட்ச்சை விடத் தெரியவில்லை என்று அவர் போட்ட சத்தத்தில், கதவைத் திறந்து இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனவள் அவள். நாலாயிரம் பேரிடம் காட்டிய பொறுமையில் ஒரு மணி நேரத்தை அவளுக்கு ஒதுக்கவில்லை என்று இப்போது அவருக்கு வலித்தது. புறப்பட இருக்கிற ஆறு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிட முடியுமா என்று வாய் வரை வந்தது. அவளுடைய கால் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருப்பதை, தலையை முழுவதும் திருப்பிப் பார்த்துவிட்டு, கேட்கவில்லை.

மணி ஒன்பதரை. வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டும். பள்ளியிலிருந்து யாரையாவது வரச் சொல்லலாம் என்றாள். என்னவென்று சொல்லி வரச் சொல்வது என்று அவர் கேட்டார். நாளைக்கு நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு என் கையால் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், பத்து நிமிட ரோடுதானே என்றார். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. புத்தகத்தைப் பின் சீட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் சொல்லிட்டே வரேன். மெதுவாப் போங்க."

கார் மைதானத்தை விட்டுச் சாலையில் இறங்கியது. நேர் எதிரே ஒரு துண்டுச் சாலை மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் அவள் குரலில் வந்தது. இடது பக்கம் ஒரு சைக்கிள். போயிடுச்சு. கடை வாசல்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க, எறங்கல. நாய் ஒண்ணு, படுத்திருக்கு. ஒரு அம்மா, கையில பை, நிக்கிறாங்க, நீங்க போங்க. அச்சகத்தில் பிழை படிக்கிற குரல் அது. ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு எழுத்தையும் விடாமல் படித்துக்கொண்டே வந்தது. அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இளகியது. இப்படியே ஆயிரத்து நானூறு கிலோமீட்டரும் போய்விடலாம் போல ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது.

வங்கி முனையைத் தாண்டியதும் அவள் குரல் நின்றது.

இடப்பக்கம் சாலை காலியாக இருக்கிறதா, அவள் அழுகிறாளா, அவருக்குத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பார்வை இல்லாத பக்கத்தில். தலையைத் திருப்பினால் சாலை போய்விடும்.

"என்னம்மா இருக்கு அங்க?"

அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். கார் ஊர்ந்துகொண்டிருந்தது.