இழுவை குறைந்த வண்டி

ராமசுப்பு அண்ணாச்சி மூன்றாவது தடவையாக வந்து, "வண்டி இழுக்க மாட்டேங்கு" என்றபோது எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கோவில்பட்டியில் இருபத்தைந்து வருடமாக ஷெட் வைத்திருக்கிறேன். என் கைபட்ட வண்டி இழுக்கவில்லை என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

அவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. வயது அறுபத்தெட்டு. வண்டி இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கோயம்புத்தூரில் பந்தயம் ஓட்டிய ஒருவரிடம் வாங்கியது. மீட்டரில் இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். அதற்காக எஞ்சின் கிழடு என்று நான் விட்டுவிடவில்லை. ஏர் ஃபில்டரில் கரிசல் தூசி களியாக அப்பியிருந்தது. அதை மாற்றினேன். பிளக், இன்ஜெக்டர், வால்வு இடைவெளி, கிளட்ச் என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் ஒன்றுபோல் இருந்தது. பசுவந்தனை ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். முதுகை சீட்டோடு அறைந்துகொண்டு பறந்தது. அவர் ஓட்டினால் மட்டும் மாட்டு வண்டி மாதிரி போனது.

"அடுத்த ஞாயித்துக்கெழம எம்மவ கிருஷ்ணப்ரியா வண்டிய வாங்க ஆளக் கூட்டிட்டு வாரா. இழுவை திரும்பலேன்னா வித்துருவோம்னு அவ கேட்டா, நானும் சரின்னுட்டேன். நீ என்னன்னா நட்டு முடுக்கிக்கிட்டுக் கெடக்க," என்றார்.

"நான் ஓட்டுனா இழுக்குது அண்ணாச்சி."

"அப்போ எனக்கு ஓட்டத் தெரியலங்கியா?"

அவர் எப்போதும் வெறுங்காலில்தான் ஓட்டுவார். செருப்பைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடுவார். வண்டி என்ன சொல்லுதென்று காலுக்குத்தான் தெரியும் என்பார். அன்றும் அப்படியே இறங்கி வந்து, ஷெட் வாசலில் சாக்கடை மேல் கிடக்கும் இரும்புத் தகட்டில் நின்றுகொண்டு என்னை வைதார். புரட்டாசி மாதத்து மத்தியான வெயில். அந்தத் தகட்டில் தெருநாய்கூடக் கால் வைக்காது. அவர் பத்து நிமிடம் நின்றார், காலை மாற்றிக்கூட வைக்கவில்லை.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என் மாமனாருக்கும் சர்க்கரை முற்றி இப்படித்தான் பாதம் மரத்துப்போனது. அண்ணாச்சி பெடலை முழுசாக மிதிப்பதாக நினைக்கிறார், கால் பாதியில் நின்றுவிடுகிறது. குறை வண்டியில் இல்லை.

சொல்லியிருக்கலாம். மனைவி போன பிறகு அவருக்கு வெளியே போய்வரச் சாக்காக இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். அதை நினைத்துத்தான் சொல்லவில்லை என்று பிறகு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, வண்டியைச் சரிபண்ண முடியாமல் நான் தோற்றுப்போனதாக ஊர் பேசிவிடக் கூடாது என்ற வீம்பு.

"ரெண்டு நாள் குடுங்க அண்ணாச்சி" என்றேன்.

ஆக்ஸிலரேட்டர் ஸ்பிரிங்கை இளக்கினேன். கேபிள் சுற்றும் சக்கரத்தைச் சின்னதாக்கிப் போட்டேன். பெடலில் லேசாகத் தொட்டாலே எஞ்சின் சீறியது. வண்டியை அவர் காலுக்குத் தகுந்தபடி மாற்றிவிட்டதாக எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டினார். ஊரைத் தாண்டியதும் வண்டி பாய்ந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

"இதுதாம்ல என் வண்டி. பிரியாகிட்ட இன்னைக்கே போன் பண்ணி, விக்கலன்னு சொல்லிருதேன்."

முன்னால் ஒரு டிராக்டர் கலப்பையோடு உழுத காட்டை விட்டு ரோட்டில் ஏறியது. அண்ணாச்சி காலை மாற்றினார். வேகம் குறையவில்லை, கூடியது. குனிந்து பார்த்தேன். பாதி பாதம் பிரேக்கிலும் பாதி ஆக்ஸிலரேட்டரிலும் இருந்தது. இரண்டையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார்.

"காலை எடுங்க அண்ணாச்சி."

"பிரேக்கைத்தாம்ல மிதிக்கேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்து இடதுபக்கம் வளைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி டிராக்டரை மயிரிழையில் விலகி, விதைப்புக்கு உழுது போட்டிருந்த கரிசலுக்குள் குதித்து, சக்கரம் புதைந்து நின்றது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். புழுதி அடங்கியது.

"பிரேக்கு சரியில்ல. நீ பிரேக்கைப் பாக்கலையோ?" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

டிராக்டர்க்காரனுக்கு நான் எமனாகியிருப்பேன். அண்ணாச்சிக்கும் ஆகியிருப்பேன்.

அப்போது அவர் குனிந்து கீழே பார்த்தார். சட்டென்று தோளில் கிடந்த துண்டை உருவினார்.

"ஏலே சோலைமுத்து, உனக்கு எங்கனல அடி? கீழ பூரா ரத்தமாக் கெடக்கு."

என் முழங்காலைத் தடவினார். பாதத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். காயத்தைத் தேடி மறுகாலையும் தடவினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"அப்போ இது யாரு ரத்தம்?"

பெடலின் விளிம்பில் கிழிந்து, அவருடைய வலதுகால் பெருவிரல் நகம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ரத்தம்தான் என்று சொன்னேன். துண்டை என் பக்கம் நீட்டியபடியே அவர் தன் காலைப் பார்த்தார்.