கரையில் இறக்கிய லோடு

மார்பளவுத் தண்ணீரில் நின்று தாமரை மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த முருகதாஸுக்கு முதலில் நாற்றம்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் கரையில் லாரி உறுமுவது கேட்டது. அப்போதுதான் விடிந்திருந்தது.

"ஏட்டி பிந்து, மேல ஏறிப் பாரு. எவனோ வந்து நிக்கான்."

கரையோரம் உட்கார்ந்து மொட்டுகளைத் தாமரை இலையில் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி எழுந்து போனாள். தார்ப்பாய் மூடிய லாரி. பின்சக்கரம் சேற்றில் புதைந்து கிடந்தது. அடியில் கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. கோழிக்குடல், ஓட்டல் எச்சில் எல்லாம் மூட்டை மூட்டையாக. எல்லைக்கு அந்தப்புறம், பக்கத்து மாநிலத்துச் சரக்கு.

எவன் கொண்டுவந்து கொட்டுகிறான் என்று தெரியாமலே குளத்தின் மேற்கு மூலை செத்துப்போயிருந்தது. அங்கே கொடியெல்லாம் அழுகிவிட்டது. இறங்கினவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒரே சொறி. இன்றைக்குத்தான் ஆள் கையும் களவுமாக மாட்டினான்.

பூப் பறிக்கிறவர்கள் எல்லோரும் ஈரத்தோடு லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் ஓடவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. கொண்டு கொட்டுன்னு சொன்னாவ, வந்தேன்."

"அப்போ ஒனக்க வீட்டு முற்றத்துல கொண்டு கொட்ட வேண்டியதுதான?" என்றார் பகவதியப்பன். அவர்தான் கூட்டத்தில் மூத்தவர்.

குளத்துத் தாமரைக் குத்தகை முருகதாஸ் பேரில் இருந்தது. அவன் அதிகாரிகளுக்குப் போன் போட்டான். வண்டியை விடாதீர்கள், இதோ வருகிறோம் என்றார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். பிந்து டிரைவருக்கும் சேர்த்துக் கட்டன்சாயா வாங்கிவரச் சொன்னாள்.

ஒருத்தரும் வரவில்லை. வெயில்தான் வந்தது. தோவாளைச் சந்தைக்குப் பூ ஏற்றிய மினி ஆட்டோ, லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. கரை ஒரு வண்டி போகிற அகலம்தான். மெயின் ரோடு வரை சுமந்துபோய் வேறு வண்டி பிடிப்பதற்குள் சந்தை கலைந்துவிடும். ஊருக்கெல்லாம் விரிந்தால்தான் பூ. இவர்களுக்கு விரிந்தால் குப்பை. மொட்டாக இருந்தால்தான் வியாபாரி தொடுவான்.

முருகதாஸ் மறுபடியும் போன் போட்டான்.

"லோட எறக்கி வண்டிய ஒதுக்கி விடுங்கப்பா. நாங்க வந்து அள்ளச் சொல்லுகோம்" என்றது அந்தப்பக்கத்துக் குரல்.

"எறக்கணுமா? நம்ம கரையிலயா?" என்றாள் பிந்து.

"ஆபீசர் சொல்லுகாருட்டி. பூவு வாடுது பாரு."

வேறு பாத்திரம் எதுவும் இல்லை. பூ அள்ளுகிற பனையோலைக் கடவத்திலேயே அந்தக் கண்றாவியை அள்ளினார்கள். பிந்து சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு, தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் தட்டினாள். டிரைவர் போனைப் பிடித்தபடி ஓரமாக நின்றான். முதலாளியோடு பேசுகிறான் என்று நினைத்தார்கள். கடைசியில் லாரியைத் தள்ளி விட்டதும் இவர்கள்தான். முன்னால் போய் ஒதுக்கி நிறுத்துகிறேன் என்று போனவன் போயே போய்விட்டான். பூ மட்டும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

அள்ள ஒருத்தரும் வராமல் குப்பை கரையிலேயே கிடந்தது. அடுத்த வாரம் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். கீழே இறங்காமலே முருகதாஸைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். படத்தில் பிந்து. கடவத்தைக் கவிழ்க்கிறாள். மூக்கில் கட்டின தலைப்பு நழுவி, முகம் நன்றாகத் தெரிந்தது. லாரி எங்கேயும் தெரியவில்லை.

"இது யாரு?"

"எனக்க பொண்டாட்டி சார். ஒங்க ஆபீஸ்ல சொல்லித்தான எறக்குனோம்."

"யாரு சொன்னா? பேரச் சொல்லு."

முருகதாஸ் பேர் கேட்டிருக்கவில்லை. சார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான்.

"குத்தகைய நிறுத்தி வச்சிருக்கு. விசாரணை முடியறவரை ஒருத்தரும் குளத்துல எறங்கக் கூடாது."

"அந்தக் குப்பையவாவது அள்ளி மாத்தட்டா சார்? மழை வந்தா அம்புட்டும் குளத்துலல்லா எறங்கும்."

"அதத் தொடாத. அது சாட்சி."

அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்தது. மறுநாள் காலையில் பகவதியப்பன் கரையில் குத்தவைத்து, கறுப்புத் தண்ணீர் கொடிகளுக்குள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிந்து அவருக்குப் பக்கத்தில் சும்மா நின்றாள். விடிந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவளுக்குப் பழக்கமே இல்லை. பறிக்க ஆளில்லாமல் குளம் முழுக்கத் தாமரை விரிந்து கிடந்தது. கரை கொள்ளாத பூ.

குளம் பூத்துக் கிடப்பதை யாரோ எடுத்துப் போட்ட படத்தைப் போனில் பார்த்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து ஒரு கார் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள்.

"அக்கா, ஒரு பூ பறிச்சுத் தருவியளா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எறங்கப்பிடாதாம்" என்றாள் பிந்து.

அந்தப் பெண் பூவுக்கு முன்னால் போய் நின்றாள். புருஷன் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையால் சைகை காட்டினான். குப்பை படத்தில் விழாதபடி அவள் ரெண்டடி தள்ளி நின்று, மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.