வெளிப்பூட்டு

மஞ்சுளாவும் ஸ்ரீதரும் புருஷன் பெண்டாட்டிதான். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது ஒரகடம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் மட்டும்தான். இவளுக்குப் பகல் ஷிப்டு, அவனுக்கு இரவு. பக்கவாதத்தில் விழுந்த மாமனார் தணிகாசலத்தைப் பார்த்துக்கொள்ள அப்படி ஓர் ஏற்பாடு. அதிலும் மண் விழுந்தது. லைனில் ஆள் இல்லையென்று ஸ்ரீதரையும் பகலுக்கு மாற்றிவிட்டார்கள்.

வேறு வழி? தலைமாட்டில் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். பெற்றவரைப் பூட்டிவைக்கிறான் என்று புகார் போனால் ஜெயில்தான் என்று ஸ்ரீதருக்குக் குலைநடுக்கம். "யாரு தட்னாலும் கொரல் குடுக்காத, நைனா" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான்.

இதற்கிடையில் புதன்கிழமைதோறும் பயிற்சி கொடுக்க வீடு தேடி வரும் பிரவீனா இருந்தாள். அரசாங்கம் அனுப்பும் பெண். விடாமல் செய்தால் பெரியவர் சுவரைப் பிடித்து நடப்பார் என்று சொல்லியிருந்தாள். அவர் தானாகக் கக்கூஸ் போய்வந்தால் போதும், மஞ்சுளாவுக்கு அதுவே மோட்சம். ஆனால் போன வாரம் பிரவீனா பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கோயிலுக்குப் போயிருந்தோம் என்று மஞ்சுளா சமாளித்தாள். இந்தப் புதனும் ஆள் இல்லையென்றால் பெரியவருக்கு ஒதுக்கிய நேரம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும் என்றாள் பிரவீனா.

புதனுக்கு ஸ்ரீதர் லீவு சொல்லி வைத்திருந்தான். அன்று காலையில் சூப்பர்வைசர் முடியாது என்றுவிட்டார். போனை லாக்கரில் போட்டுவிட்டு லைனில் நின்ற மஞ்சுளாவுக்கு அன்று கை வேலையில் ஓடவில்லை.

சாயங்காலம் போனை எடுத்தால் பிரவீனாவின் அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டாள். பிரவீனா கோபப்படவில்லை. அதுதான் கொடுமை.

"பெரியவர் உள்ளதான் இருக்காராக்கா? மறைக்காம சொல்லுங்க. நேரத்த மாத்தித் தர முடியுமான்னு மேல கேட்டுப் பாக்கறேன்."

சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஸ்ரீதரைப் போலீஸ் இழுத்துப் போவது கண்ணில் தெரிந்தது.

"இல்லம்மா. வாலாஜாபாத்ல நாத்தனார் வூட்டுக்கே பூட்டாரு. இனிமே நீ வர வேணாம்."

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. தணிகாசலம் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பக்கம் மட்டும் அசையும் முகத்தில் சிரிப்பு.

"ரொம்ப நேரம் தட்னாங்க, மஞ்சுளா" என்றார் குழறலாக. "நான் மூச்சு வுடலியே."