ஊமைக் குப்பி

1

ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதத் துணிவில்லாமல்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வரி: 'அன்று ஆய்வுக்கூட உதவியாளரின் கை தவறியது.' (அடித்துவிட்டேன். பொய்.)

இரண்டாவது: 'புற்றுநோய் செல்களை வாழவைக்கும் புரதத்தை நான் முதன்முதலாக...' (தற்பெருமை. வேண்டாம்.)

2

ஒரு புரதத்தின் வேலையை அறிய, அதை மட்டும் பிடித்து முடக்கும் ரசாயனம் ஒன்றைச் செய்வோம். கூடவே, ஏறக்குறைய அதே அமைப்பில், ஆனால் புரதத்தைப் பிடிக்காத இன்னொன்றையும் செய்வோம். எங்கள் கூடத்தில் அதற்கு 'ஊமை' என்று பெயர். ஊமையைப் போட்டால் செல்கள் சாகக் கூடாது. செத்தால், அந்தப் புரதத்தை முடக்கியதால்தான் செத்தன என்று நாங்கள் சொல்ல முடியாது.

செத்தன.

3

"சார், ஊமையும் கொல்லுது," என்றார் உதவியாளர்.

"உங்க கை நடுங்கியிருக்கும்மா."

"மூணு வாட்டியுமா சார்?"

ஆய்வுக் கட்டுரையில் ஊமையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கூட்டத்தில் ஒருவர் ஊமையைப் பற்றிக் கேட்டபோது, "அதை இவங்க சொதப்பிட்டாங்க," என்று உதவியாளரைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

(இங்கே அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன். அவர் அழவில்லை.)

4

நான்கு வருடம் கழித்து ஒரு மாணவியின் கடிதம். என் ரசாயனத்தை நம்பி இரண்டு வருடம் உழைத்திருக்கிறார். 'முடிவுகள் ஒத்துவரவில்லை. என் கையில்தான் ஏதோ கோளாறு, ஐயா. ஆராய்ச்சியை விட்டுவிடலாமென்று இருக்கிறேன். கடைசியாக ஒருமுறை சோதிக்க, அதன் செயலற்ற இணை கொஞ்சம் கிடைக்குமா?'

உதவியாளரிடம் ஊமையைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஃப்ரீசரின் அடித்தட்டிலிருந்து குப்பியை எடுத்து, பனியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னும் தூக்கிப் போடலையா?"

"என்னிக்காவது கேப்பீங்கன்னு வச்சிருந்தேன் சார். வெறுங்கையால புடிக்காதீங்க, குளிர் சுடும்." துணியைச் சுற்றிக் கொடுத்தார்.

என் கையைக் குளிர் சுட்டுவிடக் கூடாதென்று கவலைப்பட்டார். அந்தத் துணியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

5

நான் யோசித்து வைத்திருந்த முடிவில், நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் "பரவால்ல சார்" என்கிறார். வாசகருக்குக் கண் கலங்கும்.

ஆனால் நான் இன்னும் கேட்கவே இல்லை. அவர் செய்யாததை ஒருமுறை அவர்மேல் ஏற்றினேன்; சொல்லாததையும் ஏற்ற மாட்டேன், கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே முடிவு எழுதவில்லை. கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'உங்கள் கையில் கோளாறு இல்லை, அம்மா.' யார் மூன்று முறை சோதித்தார், யார் மறைத்தார் என்பது அடுத்த வரி. அதை உதவியாளருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. பேனாவை வைக்கிறேன்.