இரண்டாம் கட்டத்துக்கு ஒரு நடிகர்

தையல் தொழிற்சாலையின் கட்டிங் மாஸ்டருக்கு நடிப்பென்றால் உயிர். அவர் மனைவிக்கோ அவர் நடிப்பென்றால் தலைவலி. அதே தொழிற்சாலையில் காஜா மிஷினில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் துளை போடுகிறவள் அவள். பதினேழு வருஷத்தில் எத்தனை நாடகம் போட்டிருப்பார் மனுஷன்! ஒரு தடவையாவது "நல்லா இருந்துச்சு" என்றிருப்பாளா? மூச்! "கொஞ்சம் ஓவருங்க" என்று அவர் மனசிலும் ஒரு துளை போட்டுவிடுவாள்.

எச்.ஐ.வி. பற்றி ஒரு நாடகம் போடப்போவதாகத் தொழிற்சாலை நர்ஸ் சொன்னதும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார் மாஸ்டர். இந்த முறை அவள் வாயால் பாராட்டு வாங்காமல் விடுவதில்லை என்று சபதம்.

நாடகத்தில் மூன்று பேர், ஆளுக்கு நோயின் ஒரு கட்டம். கிருமி தொற்றிய சில வாரங்களில் வரும் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு எல்லாம் அயர்ன்காரருக்கு. கடைசிக் கட்டமான எய்ட்ஸ் பேக்கிங்காரருக்கு: உடம்பு இளைக்கும், பேதி நிற்காது, வாயில் வெள்ளை படியும், இருமல் உயிரை வாங்கும். அடடா, என்ன வேஷம்! மாஸ்டருக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்கு நடுக்கட்டம் மாஸ்டர்," என்றார் நர்ஸ்.

"அதுக்கு என்ன அறிகுறி சிஸ்டர்?"

"பெரும்பாலும் ஒண்ணுமே இருக்காது. பல வருஷம் நல்லாத்தான் இருப்பாங்க. சும்மா வந்து நில்லுங்க."

"லேசா ஒரு இருமல்?"

"கூடாது."

"ஒரே ஒரு தள்ளாட்டம்?"

"மாஸ்டர்!"

ஒரு வாரம் கண்ணாடி முன்னால் சும்மா நின்று பழகினார் பாவம். சும்மா நிற்பது லேசுப்பட்ட காரியமா?

சாப்பாட்டு இடைவேளையில், துணி வெட்டும் மேஜைகளைச் சேர்த்துப் போட்ட மேடையில் நாடகம் நடந்தது. அயர்ன்காரர் காய்ச்சலில் நடுங்கினார், கைதட்டல். பேக்கிங்காரர் இருமிச் சுருண்டார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். நடுவில் மாஸ்டர். நெஞ்சைப் பிடிக்கத் துடித்த கையைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"இவருக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்காரு!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, கொல்லென்று சிரிப்பு.

"அதேதான்!" என்றார் நர்ஸ். "பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரத்தம் சோதிச்சாத்தான் தெரியும். தெரிஞ்சு ஒழுங்கா மாத்திரை எடுத்தா, கடைசிக் கட்டத்துக்குப் போகாமயே வாழலாம். அடுத்த ரூம்ல இப்பவே சோதிச்சுக்கலாம், வாங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஒருவரும் எழவில்லை. மாஸ்டரின் மனைவி மட்டும் விறுவிறுவென்று மேடைக்கு வந்தாள். மாஸ்டர் மேடை ஓரத்துக்கே ஓடி வந்து கேட்டார்.

"எப்படிம்மா?"

"ஓவரே இல்லைங்க. அப்படியே நம்பிட்டேன்."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினேழு வருஷ ஏக்கமல்லவா! கால் தரையில் பாவவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து அவள் அடுத்த அறைக்கு நடந்தபோதும் பாராட்டு விழாவுக்குப் போகிற மாதிரிதான் போனார். ஊசியைப் பார்த்த பிறகுதான் சுயநினைவு வந்தது.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? எனக்கென்ன குறைச்சல்?"

"அதைத்தானே இவ்வளவு நேரம் மேடையில காட்டுனீங்க?" என்றாள் அவள். "எனக்கும்தான் ஒரு குறைச்சலும் இல்ல."

சொல்லிவிட்டு நர்ஸிடம் முதலில் தன் கையை நீட்டினாள்.